பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை

மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
பேக்கரிக்கு மேலே என் அலுவலகம்.
மூன்றாவது வினாத்தாளுக்கும் நான்காவதுக்கும் நடுவே
பன் வேகும் வாசனை ஏறி வரும்.
பசித்த பிள்ளைக்கு அதில் ஐந்தாறு மார்க் போகும்.
ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
சாப்பிட்டியா?

ஜெனிலா. பிளஸ் டூ. உண்ணாமலைக்கடை.
சித்தி ஜெர்மனியில் நர்ஸ்,
எனவே இவளும் நர்ஸ் என்பது
வீட்டில் ஏறக்குறைய முடிந்த காரியம்.
"டெஸ்டும் ஒண்ணு எடுத்து வச்சிரலாம்" என்று
கூட்டி வந்த அப்பா ரசல்ராஜுக்குச்
சென்ட்ரிங் வேலை. அரைநாள் சம்பளம் போயிற்று.

எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன்.
கண்ணை மூடித் தொடையில் விரலால் எழுதி
ஆறு இலக்கம்வரை வந்தாள்.
சொற்களில் அவளைப் பிடிக்க முடியாது.
'தயக்கம்' எதிர்ச்சொல் என்ன என்றால்
"எதுக்குத் தயங்குறோம்னு தெரியாம
எப்பிடி மேடம் சொல்ல?"
சிரித்தேன். சுழியம் போட்டேன்.
விடைக்குறிப்பில் 'துணிவு' என்றிருந்தது.

பிறகு கனசதுரங்கள்.
மடித்தால் எது, திருப்பினால் எது,
பின்பக்கம் எந்தப் புள்ளி.
தாளைச் சுற்றினாள், தலையைச் சாய்த்தாள்,
நகம் கடித்தாள்.
நாற்பதில் பதினேழு.

சாயா குடிக்க அவள் கீழே போன நேரம்
"அந்தப் பெட்டிப் படம் எனக்கும் ஒண்ணு தாருங்க,
சும்மா இருக்குதுக்கு" என்றார் ரசல்ராஜ்.
பென்சிலைக் கொடுத்தேன்.
முதலில் காதில் செருகினார்,
பிறகு நினைவு வந்து எடுத்தார்.

நேரம் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.
பதினோரு நிமிடம்.
தாள் மேஜையில் ஒட்டியதுபோல் கிடந்தது.
அதைத் திருப்பாமல் போட்டவர்கள்
ஒன்பது வருஷத்தில் எனக்கு நினைவில் இல்லை.
நானே திருப்பித்தான் போடுவேன்.

முப்பத்தெட்டு.
ஒன்று தவறு, ஒன்று வெற்றிடம்.
"இருபத்தாறு போடல்ல.
இந்தப் படத்த வச்சிப் பெட்டி அடிக்க முடியாது.
ஒரு பக்கம் கூடாது."
எண்ணிப் பார்த்தேன்.
கூடாதுதான்.

"இது எந்த வேலைக்கு உள்ளதாக்கும்?"
கைநூலில் இருந்ததை வாசித்தேன்:
கட்டடக்கலை, கப்பல் வடிவமைப்பு, அறுவை மருத்துவம்.
"செரி" என்றார்,
கரண்ட் பில் தொகையைக் கேட்டவர்போல.

மகளின் தாள் மேலேயே கிடந்தது.
சிவப்பில் வட்டமிட்ட பதினேழு.
ஒரு கணம் பார்த்தார்.
படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும்
தன் தாளை நாலாய் மடித்துப் பையில் வைத்தார்.
"அவகிட்ட சொல்லாண்டாம், கேட்டியளா."

ராத்திரி அறிக்கை எழுதினேன்.
ஜெனிலாவுக்குச் சட்டம், மொழிகள், இதழியல்.
செவிலியம்: செய்யலாம்.
இரண்டு பக்கத்தில் வீட்டார் பிடித்துக்கொள்ளப் போவது
அந்தச் 'செய்யலாம்' ஒன்றைத்தான்.
அழிக்கவும் முடியவில்லை. பொய்யில்லையே.

கணினியை மூடும் முன்
முப்பத்தெட்டைத் தட்டிப் பார்த்தேன்.
வயது: 46.
சிவப்பு எழுத்து வந்தது:
பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை மட்டும்.

பத்தொன்பது என்று போட்டேன்.
பத்தாவதில் இங்கிலீஷ் போனதால்
கொல்லத்தில் பலகை சுமந்த வயது என்று
பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

நூறில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேலே,
என்றது திரை.
மிகச் சிறப்பு. பச்சைக் கோடு
கட்டத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது.

கீழே பேக்கரிக்காரன் ஷட்டரை இழுத்தான்.
எல்லா அறிக்கைக்கும் அடியில்
தானாகவே விழுகிற வரி
இதற்கும் விழுந்தது:

இந்த முடிவுகளை உங்கள் பெற்றோரிடம் காட்டி
கலந்து பேசவும்.